சுருண்டிருந்த கால் விரல்கள்

என் பொண்ணுக்கு பயம்னா என்னன்னே தெரியாதுன்னு ரொம்ப நாளா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தேன். மாடிப்படில கடைசி மூணு படியை ஒரே தாவா தாவுவா, இருட்டு ரூமுக்குள்ள லைட் போடாமலே போய் பொம்மையை எடுத்துட்டு வருவா, முன்னபின்ன தெரியாத பிள்ளைங்க விளையாடிட்டு இருந்தா நேரா போய் "நானும் வரட்டா"ன்னு கேப்பா. நான் அப்படி இல்ல. சின்ன வயசுலருந்தே பயந்த ஆளு நான், அதுலயும் தண்ணின்னா சொல்லவே வேணாம். அதனால இவளைப் பாக்கும்போதெல்லாம் இவ யாரைக் கொண்டு பொறந்தாளோன்னு தோணும். 5 வயசு ஆனப்ப நீச்சல் க்ளாஸ்ல சேத்தோம். அந்த நாலஞ்சு மாசத்துல அவகிட்டருந்து கத்துக்கிட்டதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு, ஏன்னா தைரியம்னு நான் இத்தனை வருஷமா எதை நெனச்சுட்டு இருந்தேனோ அது இல்ல அவகிட்ட இருந்தது.

முதல்ல என் கதை. எனக்கு 9 வயசு இருக்கும், சொந்தக்காரர் ஒருத்தர், நல்ல மனசோடதான், "தூக்கிப் போட்டா தானா நீச்சல் வந்துரும்"னு சொல்லி என்னைக் கிணத்துக்குள்ள தூக்கிப் போட்டுட்டார். ரெண்டு செகண்டோ மூணு செகண்டோ, அவ்ளோதான், அவரே குதிச்சு தூக்கிட்டார், ஆனா மூக்குல ஏறுன தண்ணியோட எரிச்சலும் காதுக்குள்ள கும்முனு அடைச்ச சத்தமும் தலைக்கு மேல வட்டமா தெரிஞ்ச வெளிச்சமும் 30 வருஷம் கழிச்சு இன்னைக்கும் அப்படியே இருக்கு. மேல வந்தப்ப சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. அதுக்கப்புறம் இடுப்பளவு தண்ணிக்கு மேல நான் எறங்கினதே கிடையாது, ஷவர்ல மூஞ்சில தண்ணி நேரா விழுந்தாலே மூச்சு நின்ன மாதிரி இருக்கும். இதை வீட்ல கூட யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

க்ளாஸ்ல சின்னப் பிள்ளைங்களுக்கு ஆழம் குறைஞ்ச பக்கம், 3 அடி, அங்க பெத்தவங்க ஒருத்தர் கூட எறங்கலாம். இடுப்பளவுதானேன்னு நானும் தைரியமா முகத்தை வெச்சுட்டு எறங்கி நின்னேன். இவ கரை விளிம்புல நின்னு "அப்பா புடிச்சுக்கோ"ன்னு ஒரே குதி. பிடிச்சேன். மறுபடி ஏறினா, மறுபடி குதிச்சா. மத்த பிள்ளைங்க கரையைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு இருக்க இவ மட்டும் குதிச்சுட்டே இருந்தா, கோச் மிஸ் கூட "சார், இவளுக்கு பயமே இல்ல"ன்னு சொன்னாங்க, எனக்கு மனசு குளுந்து போச்சு.

நாலாவது க்ளாஸோ என்னவோ, கரையில விழுந்த கோகிள்ஸை எடுக்கக் குனிஞ்சப்பதான் அவ காலைப் பாத்தேன். குதிக்க ரெடியா நிக்கிறா. முகத்துல சிரிப்பு. ஆனா பத்து விரலும் சுருண்டு கல் விளிம்பை அப்படியே கவ்விப் பிடிச்சிருக்கு, நகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு, முட்டி லேசா நடுங்குது. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இவளுக்கு பயம் இருக்கு! இத்தனை நாளும் இருந்திருக்கு. நிமிந்து அவ முகத்தைப் பாத்தேன், அவ என் முகத்தைப் பாத்துட்டு இருந்தா, ஒரு செகண்ட் கூட இருக்காது, பாத்துட்டு விரலை விட்டா, குதிச்சா. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கவனிச்சேன். அதே வரிசைதான். விரல் சுருளும், என்னைப் பாப்பா, விரல் விரியும், குதிப்பா.

இதைப் பத்தி தேடிப் படிச்சப்பதான் ஒரு விஷயம் புரிஞ்சுச்சு. 1960ல எலியனோர் கிப்சன், ரிச்சர்ட் வாக்னு ரெண்டு பேர் ஒரு கண்ணாடி மேஜை வெச்சு பண்ணின ஆராய்ச்சி இருக்கு, மேஜையோட பாதியில கண்ணாடிக்குக் கீழ பள்ளம் தெரியும், தவழுற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்க அந்தப் பள்ளத்துப் பக்கம் போக மாட்டேன்னு நின்னுட்டாங்க. அதாவது நாம நெனைக்கிற மாதிரி குழந்தைக்கு ஆபத்தே தெரியாதுன்னு இல்ல, தவழ ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பள்ளம் தெரியுது. ஆனா 1985ல வேற ஒரு குழு பண்ணின ஆராய்ச்சிதான் என்னை உலுக்கிருச்சு. அதே மாதிரி மேஜை, பள்ளத்தை மட்டும் போறதா வேணாமான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு, சுமார் 30 சென்டிமீட்டருக்குக் குறைச்சாங்க. ஒரு வயசுக் குழந்தைங்க. அம்மா அந்தப் பக்கம் நிக்கிறாங்க, பேசக் கூடாது, முகம் மட்டும்தான். அம்மா சிரிச்ச முகமா இருந்தப்ப 19 குழந்தைங்கள்ல 14 பேர் தாண்டிப் போயிட்டாங்க. அம்மா பயந்த முகம் காட்டினப்ப 17 பேர்ல ஒருத்தர் கூட தாண்டல. ஒருத்தர் கூட!

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எனக்கே தண்ணின்னா நடுக்கம், இவ என் முகத்தைப் பாத்துதான் குதிக்கிறா, அப்ப நான் என்ன முகத்தைக் காட்டிட்டு இருக்கேன்? அடுத்த க்ளாஸ்லருந்து அவ கரைக்குப் போறதுக்குள்ள நான் ஒரு சின்ன வேலை பண்ணிக்கிட்டேன். வாய் வழியா மெதுவா மூச்சை முழுசா விடுறது, தோளை எறக்கிக்கிறது, கடிச்சிருக்கிற பல்லை விடுறது. அவ்ளோதான். இதை யாரா இருந்தாலும் பண்ணிப் பாருங்க, ஊசி போடக் கூட்டிட்டுப் போறப்போ, பள்ளிக்கூடத்து முதல் நாளோ, எதுவா இருந்தாலும். பொய்யா இளிக்க வேணாம், பிள்ளைங்க கண்டுபிடிச்சுரும். உடம்பு எறங்கினா முகம் தானா எறங்கும்.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டும் நான் ஒரு தப்பு பண்ணேன். பெரிய தப்பு.

சுவத்தைக் காலால உதைச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள முகத்தை வெச்சு கொஞ்ச தூரம் வரணும், நான் ஒரு நாலடி தள்ளி நின்னு பிடிக்கணும், அதான் பயிற்சி. "இங்கயே நிக்கிறேன், வா"ன்னு சொன்னேன். அழகா உதைச்சா, அம்பு மாதிரி வந்தா. வர்றதைப் பாத்த சந்தோஷத்துல, இன்னும் கொஞ்சம் நீந்துவாளேன்னு, நான் பின்னாடி ஒரு அடி வெச்சேன். இன்னொரு அடி வெச்சேன். நிறைய பேர் இதைப் பண்ணி பாத்திருக்கேன், எனக்கு அது தப்பாவே படல. நான் நின்ன இடத்துக்கு வந்ததும் அவ கையை நீட்டினா. கை வெறும் தண்ணியைத்தான் பிடிச்சுது. தலையைத் தூக்கிப் பாத்தா, தலை தூக்கினதும் கால் கீழ போச்சு, வாய்ல மூக்குல எல்லாம் தண்ணி. ஒரு செகண்ட்ல தூக்கிட்டேன். இருமி இருமி முடிச்சிட்டு, அழுகை கூட அப்புறம்தான் வந்துச்சு, மொதல்ல கேட்டது இதான்: "நீ அங்கதான நின்ன?"

"இன்னும் கொஞ்சம் நீந்துவன்னு நெனச்சேண்டா."

"அங்கயே நிக்கிறேன்னு சொன்ன."

பதில் இல்ல எங்கிட்ட. சுத்தி நின்னவங்கள்ல ஒருத்தர் "அப்படித்தான் கத்துக்கும்"னு சிரிச்சார், எனக்கு கிணத்து மேட்ல நின்னு சிரிச்சவங்க முகம் வந்துச்சு. தூக்கிப் போடுறதும் சொல்லாம நகந்துக்கிறதும் ஒரே வேலைதான், அளவுதான் வேற.

அடுத்த ரெண்டு வாரம் அவ தண்ணிக்குள்ள எறங்கல. படில உக்காந்து கால மட்டும் நனைச்சுட்டு இருப்பா. பயமே தெரியாத பிள்ளைன்னு நான் சொன்ன அதே பிள்ளை. பயம் அவளுக்குப் புதுசா வரல, அது மொதல்லருந்தே கால் விரல்ல இருந்துச்சு. அதை விடுறதுக்கு ஒரு ஆள் இருந்தான், அந்த ஆளைத்தான் காணோம்.

மிஸ்கிட்ட போய் நடந்ததைச் சொன்னேன். அவங்க திட்டல. "கட்டாயப்படுத்தாதீங்க சார், அவகிட்ட மன்னிப்பு கேளுங்க, அப்புறம் பயப்படாதன்னு மட்டும் சொல்லாதீங்க, எது பயமா இருக்குன்னு கேளுங்க"ன்னாங்க. எவ்ளோ சாதாரணமான விஷயம், நான் வாழ்க்கைல ஒரு தடவை கூட யார்கிட்டயும் அப்படிக் கேட்டதில்ல, என்கிட்டயும் யாரும் கேட்டதில்ல. படில அவ பக்கத்துல உக்காந்தேன். "அப்பா சொன்ன மாதிரி நிக்கல, தப்பு பண்ணிட்டேன், சாரிடா"ன்னேன். அவ காலை ஆட்டிட்டே இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு "எது பயமா இருக்கு?"ன்னு கேட்டேன். தண்ணின்னு சொல்லுவா, மூக்குல ஏறினதைச் சொல்லுவான்னு நெனச்சேன். "கண்ணு தண்ணிக்குள்ள இருக்கும்போது நீ போயிடுவ"ன்னா.

தண்ணியே இல்ல பாருங்க பிரச்சனை! கேக்காம இருந்திருந்தா நான் தண்ணி பயத்தைப் போக்குறேன்னு வேற என்னென்னவோ பண்ணிட்டு இருந்திருப்பேன்.

அடியில டைல்ஸ்ல ஒரு கருநீலக் கோடு ஓடும். அந்தக் கோட்டுமேல நான் ரெண்டு காலையும் வெச்சு நிப்பேன், நகரவே மாட்டேன்னு பேச்சு. எவ்ளோ தூரம்னு அவதான் சொல்லணும். மொத நாள் அவ சொன்ன தூரம் ஒரு கை. அதாவது அவ கை. கோகிள்ஸை மாட்டிக்கிட்டு, வர்றதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள முகத்தை விட்டு என் கால் கோட்டுமேல இருக்கான்னு பாத்தா, பாத்துட்டு வந்தா. அடுத்த தடவையும் பாத்தா. மூணாவது க்ளாஸ் வரைக்கும் பாத்துட்டே இருந்தா, நானும் கால் மரத்துப் போனாலும் அசையல. ஒரு கை ரெண்டு கையாச்சு, அப்புறம் நாலு, அப்புறம் ஒரு நாள் என் காலைப் பாக்காமலே உதைச்சுக் கிளம்பிட்டா. அந்த நிமிஷம் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, தண்ணிக்குள்ள நின்னதால யாருக்கும் தெரியல.

கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போறதுங்கற இந்த வழி புதுசு இல்ல. 1924லயே மேரி கவர் ஜோன்ஸ்னு ஒருத்தவங்க, முயலைக் கண்டா அலறுற ஒரு சின்னப் பையனுக்கு, அவன் பிடிச்சதைச் சாப்பிட்டுட்டு இருக்கும்போது முயலை தூரத்துல வெச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா கிட்டக் கொண்டு வந்து கடைசில அவனே தொட்டு விளையாடற அளவுக்குக் கொண்டு வந்தாங்க. பயத்தைப் போக்க தூக்கிப் போடணும்னு நம்பற எல்லாருக்கும் இதைச் சொல்லணும் போல இருக்கு.

இனிமேதான் என் விஷயம். ஒரு நாள் அவ சாதாரணமா கேட்டா, "அப்பா, நீ ஏன் தலையை உள்ள விடவே மாட்டேங்கற?" முடி நனையும், சளி பிடிக்கும்னு ஏதாவது சொல்லிருக்கலாம், சொல்ல வாய் எடுத்துட்டேன், ஆனா இப்பதான ஒரு பொய்யால ரெண்டு வாரம் போச்சு. "எனக்கு பயம்டா"ன்னேன். அவ முகத்துல ஆச்சரியமே இல்ல. "எது பயமா இருக்கு?"ன்னா. நான் கேட்ட அதே கேள்வி, அதே தொனி.

"மூக்குல தண்ணி ஏறும்."

"ம்ம்ம்னு சொல்லிட்டே உள்ள போ. ஏறாது."

ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. 39 வயசு ஆம்பளை, 5 வயசுப் பிள்ளை கையைப் பிடிச்சுட்டு, வாயை மூடி ம்ம்ம்னு முனகிக்கிட்டே கண்ணை இறுக்கி மூடி உள்ள போனேன். நெஜமாவே ஏறல. முனகும்போது மூக்கு வழியா காத்து வெளிய வந்துட்டே இருக்குமே, தண்ணி எங்க உள்ள வரும்? மூச்சை அடக்கிட்டு போறவங்களுக்குத்தான் சிரமம். பயந்தா நாம மொதல்ல பண்றது மூச்சை இழுத்துப் பிடிக்கறதுதான், தண்ணில மட்டும் இல்ல, எங்கயும்.

மல்லாக்க மெதக்கக் கத்துக்க எனக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. நுரையீரல்ல காத்து நிறைஞ்சிருந்தா பெரும்பாலானவங்க உடம்பு தானா மெதக்கும், அது கணக்கு, தெரியும் எனக்கு. ஆனா பயத்துல தலையைத் தூக்கினா கால் முங்கும், கால் முங்கினா இன்னும் பயம், இன்னும் தலையைத் தூக்குவோம், அதான் மூழ்கடிக்கிறது. "தலையைத் தண்ணிக்குக் குடுங்க சார்"னு மிஸ் சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. இவதான் வந்து பின்னந்தலைக்குக் கீழ கையை வெச்சு "தலகாணில படுக்கற மாதிரி படுப்பா, மேல பாரு"ன்னா. படுத்தேன். காது தண்ணிக்குள்ள போனதும் அதே கும்முனு சத்தம். 30 வருஷம் கழிச்சு அதே சத்தம். உடம்பு வெடவெடத்துருச்சு. ஆனா தலைக்கு மேல இப்ப வட்ட வெளிச்சம் இல்ல, தலைகீழா அவ முகம், கோகிள்ஸ் நெத்தில, முன்பல் ஒண்ணு ஆடிட்டு இருக்கு. கையை எடுக்கவே இல்ல அவ. அந்தச் சின்னக் கை என் எடையைத் தாங்கிருக்காது, தாங்கத் தேவையும் இல்ல. பத்து வரைக்கும் எண்ணினா, நான் மெதந்தேன்.

இன்னொண்ணு கவனிச்சேன். அந்த அஞ்சு மாசத்துல அவ எத்தனை தடவை தண்ணி குடிச்சிருப்பா, கணக்கே இல்ல, இருமுவா, மூக்கைச் சிந்துவா, மறுபடி ஏறுவா. 2012ல வந்த ஒரு ஆய்வுல, 12லருந்து 19 மாசக் குழந்தைங்க விளையாடறதை எண்ணிப் பாத்தா ஒரு மணி நேரத்துக்கு சராசரியா 2,368 எட்டு எடுத்து வெச்சு நடந்து 17 தடவை விழுறாங்களாம். மணிக்கு 17! நான் ஒரே ஒரு தடவை முங்கினதை வெச்சு 30 வருஷம் கரையில நின்னுட்டேன். அவங்களுக்கு விழுறது நடக்கறதோட ஒரு பகுதி, நமக்கு அது ஒரு பெரிய கதை ஆயிடுது.

ஒண்ணை மட்டும் கண்டிப்பா சொல்லணும். பிள்ளை தைரியமா இருக்குன்னு தண்ணிப் பக்கம் அசால்ட்டா விட்டுராதீங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 2021ல மட்டும் உலகம் பூரா சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி செத்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட கால்வாசி 5 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க. முங்குற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கை காட்டாது, மூச்சுக்கே வழி இல்லாதப்ப சத்தம் எங்க வரும்? கை நீட்டினா தொடற தூரத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும், போன் பைக்குள்ள இருக்கணும். அவங்க நம்பிக் குதிக்கிறாங்கன்னா, நம்பினதுக்கு ஆள் அங்க இருக்கணும்ல.

எனக்கு சாமி நம்பிக்கை உண்டு, தினமும் கும்பிடுவேன். ஆனா யோசிச்சுப் பாத்தா என் வேண்டுதல் எல்லாம் அது ஆகக்கூடாது இது நடக்கக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டாத்தான் இருந்துச்சு. அவ நம்பிக்கை அப்படி இல்ல. தண்ணி குடிப்போம்னு அவளுக்குத் தெரியும், நிறைய குடிச்சிருக்கா. குடிச்சாலும் அப்பா கோட்டுமேல நிப்பாரு, அது போதும் அவளுக்கு. இப்பெல்லாம் என் லிஸ்ட் சுருங்கி "கூட இரு"ன்னு மட்டும் கேக்கறேன், கேட்டுட்டு எழுந்து அன்னைக்குப் பண்ண வேண்டியதைப் பண்றேன்.

அப்படிப் பண்ண வேண்டியது ஒண்ணு அஞ்சு மாசமா கெடப்புல கெடந்துச்சு. வயித்தெரிச்சலுக்கு டாக்டர் எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லியிருந்தார், தொண்டைல குழாய்னதும் எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வந்துச்சு, வேலை இருக்கு அது இருக்குன்னு தள்ளிட்டே இருந்தேன். ஒரு நாள் ராத்திரி என் மனைவிகிட்ட கிணத்துக் கதையை மொத தடவையா முழுசா சொன்னேன். சொல்லிட்டு "கூட வா, நீ வந்தா போறேன்"னேன். வந்தா. உள்ள விடமாட்டாங்க, கதவுகிட்டயே நிக்கிறேன்னா. ராத்திரிலருந்து சாப்பிடாம போய், தொண்டை மரத்துப் போக ஸ்ப்ரே அடிச்சு, பல்லுக்கு நடுவுல ஒரு வளையம் மாட்டி, இடது பக்கமா படுக்க வெச்சாங்க. மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்கன்னார் டாக்டர். போர்வைக்குள்ள என் கால் விரல் பத்தும் சுருண்டு இறுகி இருந்தது அப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு. ம்ம்ம்னு முனகிட்டே விரலை ஒவ்வொண்ணா விட்டேன். குமட்டல் வந்துச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு, ஒரு ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும், முடிஞ்சுது. சின்னப் புண்ணு, மாத்திரைல சரியாயிரும்னாங்க.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்தா.

"பயந்தியாப்பா?"

"ஆமாண்டா. நிறைய."

"அம்மா எங்க நின்னாங்க?"

"கதவுகிட்ட."

"நீ வெளிய வந்தப்பவும் அங்கயே இருந்தாங்களா?"

"அங்கயே இருந்தாங்க."

சரின்னு தலையாட்டிட்டு, ஆடிட்டு இருந்த பல்லை நாக்கால தள்ளிக்கிட்டே விளையாடப் போயிட்டா.